விளக்குத்தூணும் பத்துத்தூணும்



மதுரை நகரப் பேருந்தில் ஏறுவோர் அனைவரும் அறிந்த சில சொற்கள் உண்டு. கீழவாசல், தெற்குவாசல், யானைக்கல், சிம்மக்கல், விளக்குத்தூண் என்று நடத்துநர் ஒவ்வொன்றாகக் குரல் கொடுப்பார். ஏறுவோர் ஏறுவர்; இறங்குவோர் இறங்குவர். கீழவாசலில் இறங்கியவர் அங்கே வாசல் எங்கே என்று தேடுவதில்லை. தெற்குவாசலுக்குச் சீட்டு வாங்கியவர் எந்த மதிலின் தெற்கு என்று கேட்பதில்லை. பெயர் நாவில் இருக்கிறது. பெயருக்கு உரிய பொருள் கண்ணில் இல்லை. சில இடங்களில் பொருளும் கண்முன் நிற்கத்தான் செய்கிறது. ஆயினும் அதைப் பார்ப்பவர் இல்லை.

வரலாற்றுச் சின்னங்கள் மறக்கப்படுகின்றன என்பது பொதுவாகச் சொல்லப்படும் குறை. காட்டுக்குள் புதைந்த கோயில், முட்புதர் மூடிய நடுகல், ஏரிக்கரையில் சாய்ந்த கல்வெட்டு ஆகியவை மறக்கப்பட்டவை. அவற்றின் பெயரும் தெரியாது, இடமும் தெரியாது. மதுரையின் நிலை வேறு. இங்கே சின்னங்கள் மறக்கப்படவில்லை, முகவரிகளாக ஆகிவிட்டன. ஒரு நாளைக்கு ஆயிரம் முறை உச்சரிக்கப்படும் பெயரை யாரும் மறக்க இயலாது. ஆனால் அவ்வாறு ஓயாமல் உச்சரிக்கப்படுவதாலேயே அதன் பொருள் தேய்ந்து போகிறது. திருமண அழைப்பிதழிலும் துணிக்கடை விளம்பரத்திலும் ‘விளக்குத்தூண் அருகில்’ என்று அச்சாகும்போது, விளக்குத்தூண் அருகில் உள்ள கடைதான் தெரிகிறது, விளக்குத்தூண் தெரிவதில்லை.

அந்த விளக்குத்தூணிலிருந்தே தொடங்குவது தகும்.

தெற்கு மாசி வீதியும் கீழ மாசி வீதியும் கூடும் முனையில், துணிக்கடைகளுக்கும் பாத்திரக்கடைகளுக்கும் நடுவே அது நிற்கிறது. தீபாவளிக்கு முந்தைய வாரத்தில் அதைச் சுற்றிக் கால் வைக்க இடமிராது. கோடையில் ஜிகர்தண்டா அருந்த வருவோர் அதன் பக்கத்திலேயே கோப்பையோடு நிற்பர். காவல் நிலையத்துக்குக்கூட அதன் பெயர்தான். இத்தனை புகழ் பெற்ற அந்தத் தூணை யார் நட்டார்கள், எதற்காக நட்டார்கள் என்று அங்கே நிற்பவர்களிடம் கேட்டால், நாயக்கர் காலத்தது என்று ஒருவர் சொல்வார். மின்விளக்கு வருமுன் தெருவுக்கு வெளிச்சம் தந்தது என்று மற்றொருவர் சொல்வார்.

அது நாயக்கர் காலத்தது அன்று. நாயக்கர் கட்டிய கோட்டையை இடித்தவருக்கு எழுப்பப்பட்ட நினைவுத்தூண் அது.

இந்தச் செய்தியைச் சற்று விரித்துரைத்தல் வேண்டும். 1529இல் மதுரையில் ஆட்சியைத் தொடங்கிய விசுவநாத நாயக்கர், பாண்டியர் காலத்துச் சிறிய கோட்டையை நீக்கிப் பெரியதொரு கோட்டையைக் கட்டினார். அதற்கு எழுபத்திரண்டு கொத்தளங்கள். ஒரு பாளையக்காரருக்கு ஒரு கொத்தளம் என்று காவல் பொறுப்பு ஒப்படைக்கப்பட்டதாக வரலாற்றாசிரியர்கள் குறிப்பர். மதிலைச் சுற்றி அகழி. பின்னாளில் இந்த மதிலுக்குள்ளிருந்துதான் மருதநாயகம் என்னும் கான்சாகிப் ஆர்க்காட்டு நவாபின் படையையும் கும்பினிப் படையையும் எதிர்த்து நின்றார். 1764 அக்டோபரில் அவர் காட்டிக்கொடுக்கப்பட்டுத் தூக்கிலிடப்பட்டார். சம்மட்டிபுரத்தில் அவருடைய அடக்கத்தலம் இருக்கிறது. நகருக்குள் கான்சாமேட்டுத் தெரு என்ற பெயரும் இருக்கிறது. ‘கான்சா’ என்பது ஏதோ ஒரு பொருளற்ற ஒலி என்று எண்ணிக்கொண்டு அத்தெருவில் குடியிருந்து மூப்படைந்தவர்களும் உண்டு.

கோட்டை அடுத்த நூற்றாண்டையும் எட்டிவிட்டது. ஆனால் பகைவர் எவரும் வரப்போவதில்லை என்ற நிலையில் மதிலுக்கு வேலை இல்லாது போயிற்று. அகழி நீர் தேங்கி நாறியது. மதிலுக்குள் வீடுகள் நெருங்கின, காற்றுக்கு வழியில்லை, காய்ச்சலும் பேதியும் வந்தால் தெருத்தெருவாக வந்தன. இந்நிலையில் 1830களிலும் 1840களிலும் மதுரைக் கலெக்டராக இருந்த பிளாக்பர்ன் கோட்டையை இடித்து நகரை விரிக்க முடிவு செய்தார். அரசுப் பணத்தில் அத்தனை பெரிய மதிலை இடிப்பது எளிதன்று. ஆகவே அவர் ஓர் ஏற்பாடு செய்தார்: மதிலின் ஒரு பகுதியை இடித்து, அந்த மண்ணால் அதற்கு நேரான அகழியைத் தூர்த்துச் சமமாக்குபவருக்கு அந்த நிலத்தில் வீடு கட்டிக்கொள்ள இடம் தரப்படும். மதில் கரைந்தது. அகழி நிலமாயிற்று. நிலம் தெருவாயிற்று.

அந்தத் தெருக்களுக்கு இடப்பட்ட பெயர்களைத்தான் மதுரைக்காரர் இன்றும் நாள்தோறும் சொல்லிக்கொண்டிருக்கின்றனர். கோட்டைக்கு வெளியே அமைந்தது வெளி வீதி. உள்ளே அமைந்த இரண்டு வீதிகளில் ஒன்று மாரட் வீதி. மற்றொன்று பெருமாள் மேஸ்திரி வீதி. மாரட் என்பவர் அளவைப் பணியைக் கவனித்த வெள்ளைக்கார அலுவலர். பெருமாள் மேஸ்திரி இடிக்கும் ஆட்களை வைத்து வேலை வாங்கிய மேஸ்திரி. மாரட் என்பதை மராட்டியரோடு முடிச்சுப் போடும் மயக்கம் எளிதில் நேரக்கூடியது. பெருமாள் மேஸ்திரியைப் பொறுத்தவரை அந்த மயக்கத்துக்கும் வழியில்லை. பெயரே தொழிலைச் சொல்லிவிடுகிறது. ஆயினும் அவர் எதற்கு மேஸ்திரி என்ற வினாவை எழுப்புவோர் அரியர்.

இங்கே ஒன்றை நின்று நோக்க வேண்டும். இந்திய நகரங்களில் ஆளுநர்களுக்கும் தளபதிகளுக்கும் வீதிகள் உண்டு. நூற்றாண்டுகளைத் தாண்டி ஒரு கட்டட மேஸ்திரியின் பெயர், அவருடைய தொழிற்பெயரோடு சேர்ந்தே, நகரின் நான்கு திசைகளிலும் வீதிப் பெயராக வழங்குவது அரிது. மன்னர்களின் மதிலை இடித்த மேஸ்திரிக்கு, மதிலைக் கட்டிய மன்னரைவிட நீளமான வீதி கிடைத்திருக்கிறது. அந்த மேஸ்திரிக்குக் கீழே கடப்பாரை பிடித்தவர்களின் பெயர்களோ எங்கும் இல்லை. மண் சுமந்த பெண்களின் பெயர்களும் இல்லை. அவர்களுடைய வழித்தோன்றல்கள் இன்றும் அதே வீதிகளில் மூட்டை சுமக்கிறார்களா என்பதைச் சொல்ல ஏடு எதுவும் இல்லை.

மதில் போனதற்கு வருந்தலாமா என்பது வேறு வினா. பழமையெல்லாம் போற்றத்தக்கது என்ற எண்ணத்தில் பிளாக்பர்னை வெறும் அழிப்பாளராகக் காண்பது எளிது. ஆனால் அந்த நாறும் அகழிக்கரையில் குழந்தைகளைப் பறிகொடுத்தவர்கள் அவ்வாறு கண்டிருக்க மாட்டார்கள். நகரத்தார் தாமே நன்றி பாராட்டி அவருக்கு நினைவாக ஒரு விளக்கை நட்டனர். சிலை வைக்கவில்லை, குதிரைமேல் உருவம் வைக்கவில்லை. இருட்டிக்கிடந்த தெருமுனையில் விளக்கு வைத்தனர். அந்த விளக்கு அரண்மனைக்குச் செல்லும் வழியில் வைக்கப்பட்டது. மாவட்ட விவரச்சுவடியை 1906இல் எழுதிய பிரான்சிஸ் அதனை பிளாக்பர்ன் விளக்கு என்றே குறிக்கிறார். பின்னர் பிளாக்பர்ன் உதிர்ந்துபோனார், விளக்குத்தூண் நின்றது. ஒரு வகையில் தமிழ் மக்கள் தமக்கே உரிய முறையில் அதைத் தமதாக்கிக்கொண்டனர் எனலாம். துரையின் பெயரைக் கழற்றிவிட்டுப் பொருளின் பெயரை வைத்துக்கொண்டனர். அதில் குறை சொல்வதற்கு ஒன்றுமில்லை. ஆனால் பெயரோடு கதையும் கழன்றுவிட்டது என்பதுதான் இழப்பு.

இடிபட்ட கோட்டையில் மிச்சமானவை மிகச் சில. பெரியார் பேருந்து நிலையத்தை அடுத்து மேல வெளி வீதியில் ஒரு கொத்தளத்தின் பகுதி நிற்கிறது. எழுபத்திரண்டில் எஞ்சிய எச்சம் அது. வெளியூர்ப் பயணிகள் பைகளை இறக்கிவைத்துவிட்டு முகவரி விசாரிக்கும் இடம் அதுதான். கோட்டைச்சுவரின் நிழலில் நின்றுகொண்டே ‘பழைய மதுரையை எங்கே பார்க்கலாம்’ என்று கேட்கிறார்கள்.

மற்றொன்று விட்டவாசல். மீனாட்சியம்மன் கோயிலுக்குக் கிழக்கே, அம்மன் சந்நிதிக்கு நேராகச் செல்லும் வழியில் ஒரு கல் நிலைவாயில். பாண்டியர் காலத்துக் கோட்டையின் கீழ்த்திசை வாயில் என்பர். கோட்டையை இடித்தபோது இதனை மட்டும் இடிக்காமல் விட்டதால் விட்டவாசல் என்று பெயர் வந்ததாக ஊரார் விளக்கம் கூறுவர். யார் விட்டார்கள்? ஏன் விட்டார்கள்? ‘விட்ட’ என்னும் பெயரெச்சத்துக்கு எழுவாய் இல்லை. இலக்கணம் கற்ற கவிஞர்கள் நிறைந்த இவ்வவையில் அந்தப் பெயரின் அழகை எடுத்துரைக்க வேண்டியதில்லை. ஒரு வாசல், அது விடப்பட்டது என்ற ஒரே தகுதியால் பெயர் பெற்றிருக்கிறது. அதன் வழியாக மிதிவண்டிகளும் தள்ளுவண்டிகளும் போய்வந்துகொண்டிருக்கின்றன. வாசலுக்கு அதைவிட நல்ல பயன் வேறு இல்லைதான்.

விளக்குத்தூணுக்குத் திரும்புவோம். அங்கிருந்து கூப்பிடு தூரத்தில், ஜவுளி மொத்த வணிகக் கடைகள் நெருங்கிய சந்து ஒன்றுக்குள் நுழைந்தால் திடீரென்று வானை நோக்கி உயர்ந்த கருங்கல் தூண்கள் தென்படும். எண்ணினால் பத்து. அதனால் பத்துத்தூண். சந்துக்கும் அதுவே பெயர். ஓர் ஆள் இரு கைகளையும் விரித்துத் தழுவினாலும் கைக்குள் அடங்காத பருமன். மேலே கூரை இல்லை. தாங்குவதற்குப் பாரம் இல்லை. காலடியில் துணிப்பொதிகள், பக்கங்களில் கடைப் பலகைகள்.

திருமலை நாயக்கர் 1623 முதல் 1659 வரை ஆண்டவர். 1636இல் அவர் எழுப்பிய அரண்மனையை இன்று மகால் என்று காட்டி, ஒலி ஒளிக் காட்சி நடத்தி, நுழைவுச்சீட்டுத் தருகின்றனர். இன்றைய மகால் அன்றைய அரண்மனையில் நான்கில் ஒரு பங்கே என்று மதிப்பிடுவர். எஞ்சி நிற்பது சொர்க்கவிலாசமும் அதை ஒட்டிய நாடகசாலையும். ரங்கவிலாசம் என்று மற்றொரு பெரும்பகுதி இருந்தது. மன்னரின் தம்பி முத்தியாலு அங்கே வாழ்ந்ததாகக் கூறுவர். அந்த ரங்கவிலாசத்தில் எஞ்சியவையே இந்தப் பத்துத் தூண்கள்.

அரண்மனையை அழித்தவர் அயலார் அல்லர் என்பதும் ஈண்டு நினைக்கத்தக்கது. திருமலை நாயக்கரின் பேரர் சொக்கநாத நாயக்கர் தலைநகரைத் திருச்சிராப்பள்ளிக்கு மாற்றியபோது, பாட்டனார் கட்டிய மாளிகையின் பகுதிகளைப் பெயர்த்துக்கொண்டு போனார். பாட்டனார் கலையில் செலவிட்டதைப் பேரர் வண்டிகளில் ஏற்றினார். மிச்சமும் ஒவ்வொன்றாகச் சிதைந்துகொண்டிருந்த காலத்தில், 1866 முதல் 1872 வரை சென்னை மாகாண ஆளுநராயிருந்த நேப்பியர் பிரபு தலையிட்டுச் சொர்க்கவிலாசத்தைப் பழுதுபார்க்கச் செய்தார். அந்தப் பழுதுபார்ப்பின் எல்லைக்குள் வந்த பகுதி நினைவுச்சின்னமாயிற்று. எல்லைக்கு வெளியே நின்ற பத்துத் தூண்கள் ஒரு சந்தின் பெயராயின. ஒரே அரண்மனையின் கற்கள்தாம். ஒரு பகுதிக்கு நுழைவுச்சீட்டு. மற்றொரு பகுதிக்கு அதுவும் வேண்டாம்.

இடையே இருந்த அரண்மனை நிலம் எங்கே போயிற்று என்றால், மகால் தெருக்களாக ஆயிற்று. அரண்மனையைச் சுற்றிச் சௌராட்டிர நெசவாளர்கள் குடியமர்ந்தனர். அரசவைக்குப் பட்டு நெய்தவர்களின் பின்னோர் அரசவை இருந்த இடத்திலேயே தறி போட்டனர். வரலாறு இப்படியும் நடப்பதுண்டு. அப்பகுதியில் நவபத்கானா தெரு என்று ஒரு தெரு இருக்கிறது. தமிழ்க் காதுக்கு அது என்னவென்று விளங்காது. ‘நவ்பத்கானா’ என்றால் முரசும் இசைக்கருவிகளும் முழங்கும் மண்டபம். அரண்மனை வாசலில் வேளைதோறும் முரசு முழங்கிய இடம் அது. இன்று அங்கே முழங்குவது இருசக்கர வண்டிகளின் ஒலிப்பான். முரசு போயிற்று, முரசுமண்டபம் போயிற்று, பாரசீக மொழி வழி வந்த அதன் பெயர் மட்டும், பொருள் தெரியாத மக்களின் நாவில், அஞ்சலகத்தாரின் புண்ணியத்தால் பிழைத்திருக்கிறது.

பெயர் மட்டும் பிழைப்பதற்கு இன்னும் துயரமான சான்று எழுகடல் தெரு. தாய் காஞ்சனமாலை கடலாட விரும்பியதால் சிவபெருமான் ஏழு கடல்களையும் மதுரைக்கு அழைத்தார் என்பது திருவிளையாடற் புராணத்துக் கதை. அக்கதைக்குச் சான்றாகப் புதுமண்டபத்துக்குக் கிழக்கே ஒரு திருக்குளம் இருந்தது. குளம் தூர்க்கப்பட்டது, கடைகள் எழுந்தன. ஏழு கடலும் வந்து தங்கிய இடத்தில் இன்று குடிநீருக்குப் புட்டி வாங்க வேண்டும். புராணத்தை மெய்யென்று கொள்வோரும் கொள்ளாதோரும் குளம் இருந்ததை மறுக்க இயலாது. அது நிலத்தடி நீருக்கு உதவியிருக்கும் என்பதையும் மறுக்க இயலாது. கோபுரத்தை இடித்தால் ஊர் கொதிக்கும். குளத்தை மூடினால் ஊர் அங்கே கடை வாடகைக்குக் கேட்கும்.

அதே வரிசையில் ராயகோபுரம். திருமலை நாயக்கர் தொடங்கி முடிக்காமற்போன கோபுரம் அது. கோயிலின் மற்ற எந்தக் கோபுரத்தின் அடித்தளத்தையும்விடப் பெரிய அடித்தளம். ஏறத்தாழ 174 அடி நீளம். கல்வேலை முதல் நிலையோடு நின்றுவிட்டது. ஒற்றைக்கல்லாலான நிலைத்தூண்களில் கொடிவேலைப்பாடு நுட்பமாகச் செதுக்கப்பட்டிருக்கிறது. முடிந்திருந்தால் தெற்குக் கோபுரம் அதன் அருகே சிறியதாகத் தோன்றியிருக்கும். முடியாத அந்தக் கோபுரத்தின் இடுக்குகளில் கடைகள் புகுந்தன. அதன் வழியாக நடந்துபோவோரில் பெரும்பாலோர் தாம் ஒரு கோபுரவாயிலைக் கடக்கிறோம் என்பதை அறியார். நிமிர்ந்து பார்த்தால் வானம்தான் தெரியும். கோபுரம் என்றால் மேலே ஏதேனும் இருக்க வேண்டும் என்று கண் எதிர்பார்க்கிறது.

இதற்கு நேர்மாறானது வடக்குக் கோபுரம். அது நெடுங்காலம் உச்சி நிறைவுறாமல் இருந்ததால் மொட்டைக்கோபுரம் என்று பெயர் பெற்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் திருப்பணி முடிந்து முழுக் கோபுரமாயிற்று. ஆயினும் இன்றளவும் மொட்டைக்கோபுரமே. ஒருமுறை வைத்த பட்டப்பெயரை மதுரை எளிதில் திரும்பப் பெறுவதில்லை.

புதுமண்டபத்தைப் பற்றி இவ்வவையில் சற்றுக் கூடுதலாகவே பேசலாம். ஏனெனில் அது இலக்கியத்தோடு உறவுடையது. வசந்தவிழாவுக்கென்று திருமலை நாயக்கர் கட்டிய மண்டபம் அது. சுற்றிலும் நீர் நிறுத்திக் குளிர்ச்சி உண்டாக்கும் அகழி போன்ற அமைப்பும் உடையது. பதினேழாம் நூற்றாண்டில் கட்டப்பட்டது இன்னும் ‘புது’ மண்டபம். நடுவரிசைத் தூண்களில் நாயக்க மன்னர்கள் கைகூப்பி நிற்கின்றனர். பல தலைமுறைகளாக அந்த மன்னர்களுக்கு முன்னே தையற்பொறிகள் ஓடின. குங்குமமும் வளையலும் பித்தளைப் பாத்திரங்களும் விற்றன. சித்திரைத் திருவிழாவில் அழகருக்கு நேர்ந்துகொண்டு வேடம் புனைவோருக்கான உடைகள் அங்கேதான் தைக்கப்பட்டன. அவற்றோடு புத்தகக் கடைகளும் இருந்தன. பெரிய எழுத்துக் கதைகள், அம்மானைகள், சிந்துகள், கும்மிப்பாட்டுகள், பஞ்சாங்கங்கள் ஆகியவை அங்கே சில அணாக்களுக்கு விற்றன. ‘மதுரை, புதுமண்டபம்’ என்ற முகவரியை முகப்பில் தாங்கிய நூல்கள் தென்மாவட்டச் சிற்றூர்த் திண்ணைகள்வரை சென்றன. பல்கலைக்கழகத்தார் நாட்டார் இலக்கியம் என்று பெயரிட்டு ஆராயத் தொடங்குமுன், அவ்விலக்கியத்தை அச்சில் காத்தவை இத்தகைய கடைகளே.

அண்மை ஆண்டுகளில் மண்டபத்தைப் பழுதுபார்க்கும் பொருட்டுக் கடைகள் அருகிலுள்ள குன்னத்தூர்ச் சத்திரத்துக்கு மாற்றப்பட்டன. சிற்பங்களுக்கு அது நன்மை என்பதில் ஐயமில்லை. ஆணி அடித்தும் கயிறு கட்டியும் கற்கள் பட்ட பாடு கொஞ்சமன்று. ஆயினும் தூய்மையான, அமைதியான, காலியான மண்டபம் மட்டுமே வரலாறு என்று முடிவு கட்டிவிடலாகாது. மன்னர் கட்டிய அன்றைய மண்டபம் ஒரு வரலாறு. அதில் மூன்று தலைமுறைத் தையற்காரர்கள் உட்கார்ந்து அழகருக்கு உடை தைத்தது மற்றொரு வரலாறு. முதலாவதற்குக் கல் சான்று. இரண்டாவதற்குச் சான்று அந்தத் தையற்காரர்களின் நினைவு மட்டுமே. அது கல்லைப்போல் நிற்பதன்று. அதைக் கேட்டு எழுதிவைக்கும் வேலை இன்னும் யாருக்கும் ஒதுக்கப்படாமல் கிடக்கிறது.

தெருப்பெயர்களிலேயே ஒரு நகரத்தின் நாட்காட்டி ஒளிந்திருப்பதையும் சுருக்கமாகக் குறிக்கலாம். மீனாட்சியம்மன் தேர் சித்திரை மாதத்தில் ஓடுகிறது. ஆனால் ஓடுவது மாசி வீதிகளில். மாசியில் நடந்த விழாவைத் திருமலை நாயக்கர் சித்திரைக்கு மாற்றினார் என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம். மாதம் மாறிற்று, வீதி மாறவில்லை. வடம் பிடிக்கும் பல்லாயிரவரும் அந்த முரண்பாட்டின்மேல்தான் நடந்து செல்கின்றனர்.

அந்த மாசி வீதிகளுள் ஒன்றான மேல மாசி வீதியில் ஒரு கதர்க்கடை உள்ள கட்டடம் இருக்கிறது. 1921 செப்டம்பர் 22ஆம் நாள், அதன் மாடியில் தங்கியிருந்த காந்தியடிகள் மேலாடையையும் நீள உடையையும் துறந்து, ஏழை உழவரைப் போல் அரையாடையோடு வெளியே வந்தார். உலகம் அறிந்த அந்தக் காந்தி உருவம் பிறந்த வீடு அது. அரையாடையோடு அவர் முதன்முதல் மக்கள்முன் தோன்றிய இடம் காந்திப்பொட்டல் ஆயிற்று. அதுவும் இப்போது ஒரு நிறுத்தத்தின் பெயர். உலகப் படங்களிலெல்லாம் அந்த உடை இருக்கிறது. உடை மாறிய வீட்டுக்கு எதிரே நிற்பவர் அடுத்த பேருந்தின் எண்ணைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

வடக்கு வெளி வீதியில் சேதுபதி மேல்நிலைப் பள்ளி இருக்கிறது. 1904இல் சில மாதங்கள் சி. சுப்பிரமணிய பாரதி அங்கே தமிழாசிரியர். அவருடைய ‘தனிமை இரக்கம்’ என்னும் கவிதை அச்சேறியதும் அதே ஆண்டில், மதுரையிலிருந்து வெளிவந்த ‘விவேகபாநு’ இதழில்தான். வெளி வீதி என்ற பெயரின் பின்னணியை இப்போது சேர்த்துப் பார்க்கலாம். மேஸ்திரிகளும் கூலிகளும் கோட்டையை இடித்துத் திறந்துவிட்ட வெளியில் எழுந்த வீதி அது. அறுபது ஆண்டு இடைவெளியில், கோட்டை இல்லாத அந்த வெளியில், எட்டயபுரத்து இளைஞர் ஒருவர் கையில் புத்தகத்தோடு பள்ளிக்கு நடந்திருக்கிறார். மதுரைக் கவிஞர்கள் பாரதி பள்ளியை அறிவர். மாலை அணிவிக்கவும் செல்வர். அவர் நடந்த வீதிக்கு வெளி என்று ஏன் பெயர் என்பதை அறிந்தவர் அவர்களுள்ளும் குறைவே.

ஆகவே பழி பொதுமக்கள்மேல் மட்டும் இல்லை. மதுரையில் கவியரங்கம் என்றால் நான்மாடக்கூடல் வரும், முச்சங்கம் வரும், கோவலனை வராதே என்று தடுப்பதுபோல் கைகாட்டி அசைந்த கோட்டைக்கொடிகள் வரும், மாங்குடி மருதனார் காட்டிய அல்லங்காடி தவறாமல் வரும். வரத்தான் வேண்டும். ஆனால் மருதனார் எதைப் பாடினார்? தம் காலத்து அங்காடியைப் பாடினார். தம் கண்முன் விற்ற பூவையும் வெற்றிலையையும் பண்ணியத்தையும் பாடினார். அவர் தமக்கு ஈராயிரம் ஆண்டு முன்னிருந்த அங்காடியைப் பாடப் புறப்பட்டிருந்தால் மதுரைக்காஞ்சி பிறந்திராது. இன்றைய அல்லங்காடி விளக்குத்தூணைச் சுற்றி விடியவிடிய நடக்கிறது. அதன் நடுவே நிற்கும் தூண் கவிதைக்குள் நுழையக் காத்துக்கொண்டிருக்கிறது. இளங்கோவடிகளின் மதிலைக் கண்ணில் காணாமல் பாடும் கவிஞர், கண்ணில் காணக்கூடிய கடைசிக் கொத்தளத்தின் அருகே நின்று தேநீர் அருந்திவிட்டுப் போய்விடுகிறார்.

கீழடி அகழாய்வு தொடங்கிய பின் தொன்மைமேல் மக்களுக்கு ஆர்வம் பெருகியிருப்பது மகிழ்ச்சிக்குரியது. 2023இல் அங்கே அருங்காட்சியகம் திறக்கப்பட்டபின் மதுரைக் குடும்பங்கள் விடுமுறை நாளில் குழந்தைகளோடு சென்று பானையோடுகளைப் பார்க்கின்றன. கண்ணாடிக்குள் இருக்கும் ஓட்டுக்கு அவர்கள் காட்டும் மரியாதையைக் காணும்போது, வழியில் கண்ணாடி இல்லாமல் நிற்கும் கற்கள்மேல் இரக்கம் பிறக்கிறது. கண்ணாடிக்குள் வைத்தால் பத்துத்தூணையும் பார்ப்பார்கள் போலும்.

இந்த வட்டம் மாதந்தோறும் ஒரு தலைப்புத் தந்து கவிதை வாங்குகிறது. பத்தாண்டுகளில் நிலவும் மழையும் அன்னையும் பலமுறை வந்து போயிருக்கும். பதினோராம் ஆண்டுக்குத் தலைப்புகளைத் தெருப்பலகைகளிலிருந்தே எடுக்கலாம்: விட்டவாசல், நவபத்கானா, எழுகடல், கான்சாமேடு, பெருமாள் மேஸ்திரி. ஒவ்வொன்றையும் எழுதுமுன் அந்த இடத்துக்குச் சென்று பார்த்துவர வேண்டும் என்று ஒரு நிபந்தனை மட்டும் விதித்தால் போதும். புதுமண்டபத்துத் தையற்காரர்களையும் பழைய புத்தகக் கடைக்காரர்களையும் ஒரு கூட்டத்துக்கு அழைத்துப் பேசச் சொல்லலாம். அவர்கள் சொல்வதை ஒருவர் எழுதிக்கொள்ளலாம். இவற்றுக்கு அரசின் ஆணையோ பெரும்பொருளோ தேவைப்படாது.

பத்துத்தூணுக்குச் செல்வோர் ஞாயிற்றுக்கிழமைக் காலையில், கடைகள் திறக்குமுன் செல்வது நலம். விளக்குத்தூணில் இறங்கி, எவரிடம் கேட்டாலும் வழி சொல்வர். சந்துக்குள் நுழைந்தபின் கடைப்பெயர்களைப் படித்துக்கொண்டே போனால் தூண்களைத் தாண்டிவிட நேரும். சற்று நிமிர்ந்து பார்த்து நடக்க வேண்டும்.